தெர்மல் கேமராவைக் காவலுக்கு வைப்பது எப்படி: வேலியிலிருந்து கைப்பேசி வரை

வீட்டு வாசலுக்கு சிசிடிவி வாங்குகிற மாதிரி, சூட்டை வைத்துப் படம் காட்டும் தெர்மல் கேமராவை வாங்க முடியாது. விலை பல மடங்கு அதிகம். அதோடு, சாதா கேமரா செய்கிற முக்கியமான வேலையை, அதாவது வந்தது யார் என்று காட்டுவதை, இது செய்யவே செய்யாது. "யாரோ ஒருவர் வந்திருக்கிறார், இந்த இடத்தில் நிற்கிறார், இந்தப் பக்கமாகப் போகிறார்" என்பதுதான் தெர்மல் கேமரா சொல்லும் செய்தி. அதை இருட்டிலும் புகையிலும் தூரத்திலும் முன்கூட்டியே சொல்லும். லென்ஸ், கம்பம், நெட்வொர்க், எச்சரிக்கை என்று நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அந்த முதல் சில வினாடிகளைப் பயன்படுத்திக்கொள்வதற்காகத்தான் இருக்க வேண்டும்.

கணக்குப் போட வசதியாக ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். சமதரையில் ஏறத்தாழ 12 ஏக்கர் சோலார் பண்ணை. பக்கத்துக்கு 220 மீட்டர் வீதம் சதுரம், சுற்றிலும் கம்பிவலை வேலி. இரவில் ஒரே ஒரு வாட்ச்மேன். செம்புக் கேபிளை வெட்டி எடுத்துப் போகிறவர்களைத் தடுக்க வேண்டும். உங்கள் இடம் கிடங்காகவோ கன்டெய்னர் யார்டாகவோ இருந்தாலும் கணக்கு இதேதான்.

அது எதைப் பார்க்கிறது

'நைட் விஷன்' என்று விற்கப்படும் கேமராவில் சிறிய எல்இடிகள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அவை அடிக்க, திரும்பி வரும் ஒளியைக் கேமரா படமாக்குகிறது. வெளிச்சம் எட்டும் தூரம்தான் அதன் எல்லை. அந்த எல்இடிகளைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால் வலை ஆடினால் இரவெல்லாம் பொய் எச்சரிக்கைதான்.

தெர்மல் கேமரா எந்த ஒளியையும் அனுப்புவதில்லை. சூடுள்ள எல்லாப் பொருளும் தானாக வெளிவிடும் கதிர்வீச்சை, 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில், அது வாங்கிக்கொள்கிறது. மனித உடல் அதிகமாகக் கதிர்வீசுவது ஏறத்தாழ 9.5 மைக்ரானில் என்பதால் இந்த அலைவரிசை நமக்குச் சரியாகப் பொருந்துகிறது. உள்ளே இருக்கும் சென்சாருக்கு மைக்ரோபோலோமீட்டர் என்று பெயர். 1980-களில் அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் ராணுவத்துக்காக இதை உருவாக்கியது. ரகசியத் தடை 1990-களில் நீங்கிய பிறகுதான் பொதுச் சந்தைக்கு வந்தது.

புதிதாக வருகிறவர்கள் மூன்று விஷயங்களை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, இந்த அலைநீளத்துக்குக் கண்ணாடி என்பது சுவர் மாதிரி. அதனால்தான் லென்ஸை ஜெர்மேனியத்தில் செய்கிறார்கள், விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். கேமராவை ஜன்னலுக்குப் பின்னால் வைத்தாலோ, சாதாக் கண்ணாடி போட்ட பெட்டிக்குள் வைத்தாலோ வெளியே எதுவும் தெரியாது. இரண்டு, சுவருக்குப் பின்னாலும் அடர்ந்த புதருக்குப் பின்னாலும் இருப்பவர் தெரியமாட்டார். சினிமாவில் காட்டுவதை நம்ப வேண்டாம். மூன்று, சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டிக்' என்று சத்தம் வந்து படம் ஒரு கணம் உறைந்து நிற்கும். உள்ளே ஒரு சிறு ஷட்டர் மூடித் திறந்து சென்சாரைச் சமன்செய்துகொள்கிறது, அவ்வளவுதான். பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

நம் ஊர் வெயில்

தெர்மல் கேமரா சூட்டை அல்ல, சூட்டு வித்தியாசத்தைப் பார்க்கிறது. குளிர்நாட்டில் எடுத்த விளம்பரப் படங்களில் மனிதர் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிவார், ஏனென்றால் பின்னணி பனிக்கட்டி. மே மாதம் தென்மாவட்டச் செம்மண் தரை மத்தியானத்தில் மனித உடலைவிடச் சூடாக இருக்கும். அப்போது அதே கேமராவில் மனிதர் கறுப்பாகத் தெரிவார். சாயங்காலம் தரை குளிர்ந்துகொண்டே வரும்போது, தரையின் சூடும் உடலின் சூடும் ஒன்றாகிவிடும் ஒரு நேரம் உண்டு. காலையில் தரை சூடேறும்போது மறுபடியும் அதே நிலை. அந்தச் சிறிது நேரம் மனிதர் பின்னணியோடு கலந்துவிடுவார். நம் ஊரில் கேமரா பலவீனமாக இருக்கும் நேரம் நள்ளிரவு அல்ல, இந்த இரண்டு சந்திப்பு நேரங்களும் கோடைப் பகலும்தான்.

அதனால் வாங்கும்போது என்.இ.டி.டி என்ற எண்ணைப் பாருங்கள். எவ்வளவு சிறிய சூட்டு வித்தியாசம் வரை கேமராவுக்குத் தெரியும் என்பதை அது சொல்கிறது. 50 மில்லிகெல்வின் என்றால் ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு. எண் சிறியதாக இருக்க இருக்க நல்லது. நம் வெயிலுக்கு 40 அல்லது அதற்குக் கீழே உள்ளதை எடுங்கள். கேமராவில் இருக்கும் மென்பொருள், வெள்ளை மனிதரைப் போலவே கறுப்பு மனிதரையும் கண்டுபிடிக்கிறதா என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்.

மழையும் மூடுபனியும் தூரத்தைக் குறைக்கும். சாதா கேமராவைவிட இது மேல் என்பது உண்மை, ஆனால் கொட்டும் மழையில் தரையும் வேலியும் மனிதரின் நனைந்த சட்டையும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். கொடைக்கானல், ஊட்டி போன்ற இடங்களில் காகிதத்தில் வரும் தூரத்தில் பாதியை மட்டும் நம்பித் திட்டமிடுவது பாதுகாப்பு.

லென்ஸ் கணக்கு

பெரும்பாலானோர் பணத்தை இழப்பது இங்கேதான், எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

விளம்பரத் தாளில் "மனிதரைக் கண்டறியும் தூரம்: 780 மீட்டர்" என்று போட்டிருப்பார்கள். இது பொய்யல்ல. ஆனால் அதற்கு அடியில் இருக்கும் அளவுகோல் வேறு. 1958-இல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர் ஜான் ஜான்சன், திரையில் ஒரு பொருள் எத்தனை கோடுகளாகத் தெரிந்தால் பார்ப்பவர் அதைக் கவனிப்பார் என்று ஆராய்ந்தார். 'ஏதோ இருக்கிறது' என்று பாதிக்குப் பாதி வாய்ப்போடு சொல்வதற்கு இரண்டு பிக்சல் போதும் என்பது அதிலிருந்து வந்த கணக்கு. அதுவும் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் பயிற்சி பெற்ற மனிதருக்கு. இரவு இரண்டு மணிக்கு மென்பொருள் தானாகக் கண்டுபிடித்து உங்களை எழுப்ப இரண்டு பிக்சல் போதவே போதாது. மனிதரின் உயரம் குறைந்தது 12 பிக்சலாவது இருக்க வேண்டும், 15 இருந்தால் நிம்மதி. நான் வைத்துக்கொள்ளும் அளவு இது.

கணக்கு எளிது. சென்சாரின் பிக்சல் அளவை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுங்கள். 12 மைக்ரான் பிக்சல், 25 மி.மீ. லென்ஸ் என்றால் 0.48 வரும். அதாவது 1000 மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் 48 செ.மீ. இடத்தைக் காட்டும். 220 மீட்டரில் ஏறத்தாழ 10.5 செ.மீ. ஆக, 1.8 மீட்டர் உயர மனிதர் நம் வேலியின் மறுகோடியில் 17 பிக்சல் உயரத்தில் தெரிவார். நல்லது. இதே கேமராவில் 13 மி.மீ. லென்ஸ் போட்டால் 9 பிக்சல்தான். மென்பொருள் தடுமாறும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் பெரிய லென்ஸ் போடலாமே என்று தோன்றும். லென்ஸ் நீளமானால் பார்வை குறுகும். 384×288 பிக்சல் சென்சாரில் 25 மி.மீ. லென்ஸின் பார்வை அகலம் ஏறத்தாழ 10.5 டிகிரி. 220 மீட்டரில் 40 மீட்டர் அகலம் தெரியும், ஆனால் 20 மீட்டரில் நாலு மீட்டர்கூடத் தெரியாது. இன்னொரு பிரச்சினை கம்பத்தின் காலடி. 5 மீட்டர் உயரக் கம்பத்தில் வைத்து மறுகோடியைப் பார்க்கும்படி சாய்த்தால், கம்பத்திலிருந்து ஏறத்தாழ 34 மீட்டர் வரை தரை தெரியாது. 13 மி.மீ. லென்ஸில் இந்தக் குருட்டுப் பகுதி 18 மீட்டராகக் குறையும். தூரம் வேண்டுமா, பக்கம் வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிக்சல் எண்ணிக்கை விஷயத்திலும் ஒரு வார்த்தை. 256×192, 384×288, 640×512 என்று கிடைக்கும். ஒரே லென்ஸ், ஒரே பிக்சல் அளவு என்றால், 640 சென்சார் வாங்குவதால் தூரம் கூடாது, அகலம்தான் கூடும். நீளமான வேலிக்கு 384 போதும். அகலமான திறந்த வெளிக்கு 640-க்குச் செலவழிப்பதில் நியாயம் உண்டு.

வினாடிக்கு எத்தனை பிரேம் என்பதையும் பாருங்கள். 9-க்குக் கீழே உள்ள மாடல்கள் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளில் எளிதாகத் தப்பிவிடுவதால் சந்தையில் அதிகம். வேலிக் காவலுக்கு அது போதும். வினாடிக்கு 5 மீட்டர் ஓடுகிறவர்கூட ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையில் 60 செ.மீ. மட்டுமே நகர்ந்திருப்பார்.

கம்பங்களை எங்கே நடுவது

நம் சதுரத்துக்கு நாலு மூலையில் நாலு கம்பம். ஒவ்வொன்றும் ஒரு பக்கத்து வேலியை நீளவாக்கில் பார்த்து அடுத்த கம்பத்தின் காலடியில் முடிய வேண்டும். ஒரு கேமராவின் குருட்டுப் பகுதியை முந்தைய கேமரா பார்த்துக்கொள்ளும். 220 மீட்டர் தூரத்தில் பார்வை 40 மீட்டர் அகலம் இருப்பதால், வேலியைப் படத்தின் நடுவில் வைக்காமல் ஓரமாக வைத்து, வெளிப்பக்கம் 5 மீட்டரும் உள்பக்கம் 35 மீட்டரும் தெரியும்படி திருப்பினால் அந்த 34 மீட்டர் குருட்டுப் பகுதி அடங்கிவிடும். ஆனால் மிச்சம் ஒரு மீட்டர்தான். காற்றில் கம்பம் சற்று ஆடினாலே போய்விடும். பணம் இருந்தால் ஒவ்வொரு மூலையிலும் குட்டி லென்ஸ் கேமரா ஒன்றைக் காலடி பார்க்க வையுங்கள். நாலு கேமராவோடு நிறுத்துவதைவிட இது மேல் என்பேன், ஏனென்றால் உள்ளூர்க்காரர்கள் எந்த மூலை தெரியாது என்பதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கிழக்கு, மேற்கு நோக்கும் கேமராவில் உதயத்திலும் அஸ்தமனத்திலும் சூரியன் படத்துக்குள் வந்துவிடக் கூடாது. நேர்ச் சூரியன் சென்சாரில் தழும்பு விட்டுப் போகும். மேலே மறைப்பு வைத்து, கேமராவை வானம் தெரியாதபடி கீழே சாய்த்தாலே பெரும்பாலும் தப்பிக்கலாம்.

தகரச் சுவர், பளபளப்பான அலுமினியத் தகடு, சோலார் பேனலின் கண்ணாடி எல்லாம் வெப்பக் கதிரை முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பும். ஒருவர் நடந்தால் இரண்டு பேர் தெரியலாம். இன்வெர்ட்டர் அறை, டிரான்ஸ்ஃபார்மர் போன்றவை எப்போதும் சூடாக இருப்பதால் அந்தப் பகுதிகளை மென்பொருளில் மறைத்துவிடுங்கள். வேலி ஓரப் புல்லைக் குட்டையாக வெட்டி வைப்பதும் கேமரா வேலைதான்.

கேபிள், மின்சாரம், நெட்வொர்க்

பி.ஓ.இ. முறையில் ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் படமும் போகும். ஆனால் அந்தக் கேபிளின் எல்லை 100 மீட்டர். நமக்கு 220 வேண்டும். அதனால் கம்பத்துக்குக் கம்பம் ஃபைபர் இழுத்து, ஒவ்வொரு கம்பத்தின் பெட்டிக்குள்ளும் சிறிய பி.ஓ.இ. சுவிட்ச், சிறு யு.பி.எஸ்., திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பு வைப்பதே சரி. ஃபைபரில் மின்சாரம் பாயாது, எனவே ஒரு கம்பத்தில் இடி விழுந்தாலும் அந்த வழியாக மற்றக் கம்பங்களுக்குப் பரவாது. திறந்தவெளியில் எர்த்திங்கில் மிச்சம் பிடிக்கவே வேண்டாம். ஃபைபரை வளையமாக முடித்தால் ஓரிடத்தில் வெட்டினாலும் மறுபக்கமாகப் படம் வரும். சுவிட்சுகள் வளைய இணைப்பை ஏற்கும் வகையா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான ஓன்விஃப் தரத்தை ஏற்கும் கேமராவை வாங்கினால் ஒரே கம்பெனி பெட்டியில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் படம் ஓன்விஃப் வழியாக வந்துவிடும், எச்சரிக்கை செய்தி வராமல் போகலாம். உங்கள் ரெக்கார்டரோடு இரண்டும் வருகிறதா என்று வாங்கும் முன்பே இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சேமிப்பு பெரிய செலவில்லை. வினாடிக்கு ஒரு மெகாபிட் என்று வைத்தால் ஒரு கேமராவுக்கு நாளைக்கு 10.8 ஜிபி, நாலு கேமராவுக்கு 30 நாளுக்கு 1.3 டிபி.

பாதுகாப்புக்கு வைத்த கேமராவே திருட்டு வாசலாகிவிடக் கூடாது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, பெரிய இணையதளங்களையே முடக்கியது. முதல் நாளே பாஸ்வேர்டை மாற்றுங்கள். கேமராக்களை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்துத் தனி வி-லேனில், அதாவது சுவிட்சிலேயே பிரித்த தனி நெட்வொர்க்கில், வையுங்கள். வெளியிலிருந்து பார்க்க ரூட்டரில் போர்ட் திறக்காதீர்கள், வி.பி.என். என்ற பூட்டிய தனிப் பாதையைப் போடுங்கள். இந்தியாவில் சிசிடிவி கேமராக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் பாதுகாப்புச் சோதனையும் சான்றும் கட்டாயமாகியிருக்கின்றன. நீங்கள் வாங்கும் மாடலின் சான்றிதழை விற்பவரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

எச்சரிக்கையை எப்படி அமைப்பது

இந்த அமைப்புகள் பெரும்பாலும் தோற்பது கேமராவால் அல்ல, தேவையில்லாத எச்சரிக்கையால். ஓர் இரவில் நாற்பது முறை கைப்பேசி கத்தினால் மூன்றாம் நாள் வாட்ச்மேன் சத்தத்தை அணைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

முதலில் தூரக் கணக்கைக் கேமராவுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒருவரைப் பக்கத்திலும் நடுவிலும் தூரத்திலும் நிறுத்தி, அவர் உயரம் இவ்வளவு என்று திரையில் பெட்டி வரைய வேண்டும். அப்போதுதான் 30 மீட்டரில் போகும் நாயையும் 200 மீட்டரில் போகும் மனிதரையும் அதனால் பிரித்தறிய முடியும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு உணர்திறனைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

அப்புறம் இரண்டு அடுக்காகப் பகுதி வரையுங்கள். வேலிக்கு வெளியே ஒரு பட்டை. அங்கே யாராவது 20 வினாடிக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தால் பதிவு மட்டும் ஆகட்டும். வேலிக்கு உள்ளே ஒரு பட்டை. அங்கே மனித அளவில் எது வந்தாலும் சைரன், விளக்கு, கைப்பேசி மூன்றும். வேலிக் கம்பியின் மேலேயே கோடு போடாதீர்கள். பறவை உட்காரும், காற்றில் வலை ஆடும். வெளியே ஆட்டுக்காரர் தினமும் போகும் பாதை இருந்தால் அதை வெளிப்பட்டையிலிருந்து வெட்டிவிடுங்கள்.

எச்சரிக்கை வந்தால் யார் என்ன செய்வது என்பதைத் தாளில் எழுதிக் காவலர் அறையில் ஒட்டுங்கள். வாட்ச்மேன் தனியாகத் திருடனை நோக்கி ஓடக் கூடாது. ஒலிபெருக்கியில் பேசட்டும், விளக்கைப் போடட்டும், 112-ஐ அழைக்கட்டும், வந்தவர் எந்த மூலையில் இருக்கிறார் என்பதைத் திரையில் பார்த்துச் சொல்லட்டும். கருவி கொடுக்கும் நேரம் அவரைக் காப்பாற்றத்தான்.

வந்தவரைப் பின்தொடர்வது

நிலையான தெர்மல் கேமரா கண்டுபிடிக்கும், ஆனால் முகம் காட்டாது. அதனால் நடுவில் உயரமான கம்பத்தில் சுழலும் சாதா கேமரா ஒன்று, பி.டி.இஸட். என்பார்கள், வைக்க வேண்டும். தெர்மல் கேமரா எச்சரித்ததும் அந்தப் பக்கம் தானாகத் திரும்பிப் பெரிதாக்கிப் படம் எடுக்கும். கோவை மதுக்கரையில் யானைகள் ரயில் பாதையை நெருங்குவதைக் கண்டுபிடிக்க 2024-இல் வனத்துறை தொடங்கிய அமைப்பிலும், 12 கோபுரங்களில் தெர்மல் கேமராவையும் சாதா கேமராவையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.

எளிய வழி, சுழல் கேமரா திரும்ப வேண்டிய நிலை ஒன்றை ஒவ்வொரு பட்டைப் பகுதிக்கும் முன்கூட்டியே பதிந்து வைப்பது. வடக்கு வேலி மூன்றாம் பகுதியில் எச்சரிக்கை வந்தால் கேமரா ஏழாம் நிலைக்குப் போகட்டும். புதியவர்கள் இதிலேயே தொடங்கலாம். அடுத்த படி, வரைபடத்தில் இடத்தைக் குறித்து அளவீடு செய்து, ஆள் நகர நகர சுழல் கேமராவும் கூடவே நகர்வது. இதற்கு நல்ல மென்பொருளும் பொறுமையும் வேண்டும். இரண்டு பேர் இரண்டு பக்கமாகப் பிரிந்தால் கேமரா ஒருவரைத்தான் பிடிக்கும். அதனால் ஒருவரைத் தொடரும் நேரத்துக்கு 30 வினாடி என்பது போல வரம்பு வைத்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்பச் சொல்லுங்கள். நிலையான கேமராக்களை ஒருபோதும் நகர்த்தாதீர்கள், அவை வேலியை விட்டுக் கண் எடுக்கக் கூடாது. வந்தவர் ஒரு கேமராவின் எல்லையைத் தாண்டும்போது அடுத்ததில் எங்கே தெரிவார் என்று வாட்ச்மேனுக்குப் புரிய, கேமராக்களுக்கு எண்களைச் சுற்று வரிசையில் கொடுத்து, திரையிலும் அதே வரிசையில் அடுக்குங்கள்.

சுழல் கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். எச்சரிக்கையோடு எரியும் விளக்குகள் திருடனைப் பயமுறுத்தவும் செய்யும், முகத்தைப் படமெடுக்கவும் உதவும்.

நடந்து பார்க்கும் சோதனை

பொருத்தியவருக்கு முழுப் பணத்தையும் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். ஒருவர் வேலியோரம் நடக்கட்டும், ஓடட்டும், குனிந்து போகட்டும், தரையோடு தவழட்டும். ஒவ்வொரு மூலையிலும், கம்பத்தின் காலடியிலும். நடுப்பகலில், இருட்டத் தொடங்கும்போது, நள்ளிரவில், விடியும்போது என்று நாலு நேரமும். நனைந்த போர்வையைப் போர்த்திக்கொண்டும் ஒருமுறை. எந்த இடத்தில், எந்த நேரத்தில் எச்சரிக்கை வரவில்லையோ அதை வரைபடத்தில் குறித்து, கேமராவைத் திருப்பியோ கூட்டியோ சரிசெய்யச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் பொருத்தினால் ஏப்ரல், மே மாதத்தில் மறுபடியும் இதே சோதனை வேண்டும், ஏனென்றால் அதுதான் நம் ஊரில் கடினமான பரீட்சை.

சட்டமும் ஆதாரமும்

பக்கத்து வீடு படத்துக்குள் வந்தால் மறைத்துவிடுங்கள். முகம் தெரியாவிட்டாலும், ஒரு வீட்டில் யார் எப்போது வருகிறார், போகிறார் என்பது அவர்கள் விஷயம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001-இல், போலீஸ் வாரன்ட் இல்லாமல் வெளியே நின்று ஒரு வீட்டைத் தெர்மல் கருவியால் பார்த்ததையே தவறு என்று தீர்ப்பளித்திருக்கிறது. வேலை செய்கிறவர்களுக்குக் கேமரா இருப்பதைச் சொல்லி, பலகையும் வையுங்கள்.

வழக்கு என்று போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கொடுக்க வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற எண்) கேட்கப்படுகிறது. எனவே சம்பவம் நடந்த அன்றே பதிவை மூல வடிவில் வெளியே எடுத்து, ஹாஷ் கணக்கிட்டு, யார் எப்போது எடுத்தார் என்று எழுதி வையுங்கள். தெர்மல் படம் நேரத்தையும் வழியையும் காட்டும், சுழல் கேமரா ஆளைக் காட்டும். இரண்டின் கடிகாரமும் வினாடி பிசகாமல் ஒத்துப்போனால்தான் இரண்டும் ஒரே ஆள் என்று சொல்ல முடியும். அதற்கு எல்லாக் கேமராக்களும் ரெக்கார்டரும் ஒரே என்.டி.பி. நேர சர்வரிலிருந்து நேரம் எடுக்கும்படி அமைத்து, மாதம் ஒருமுறை சரிபாருங்கள். அதே நாளில் லென்ஸ்களையும் மென்துணியால் துடைத்து, ஒரே ஒரு மூலையிலாவது நடந்து பார்த்து, வாட்ச்மேனின் கைப்பேசிக்கு எச்சரிக்கை வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.